வண்டி சூடாகிறதா? எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

சித்திரை உழவு தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: பழைய டிராக்டர் சூடாகிறது. எப்போது சூடாகிறது என்று எழுதியவர்கள் நாலைந்து பேர்தான். கிளப்பிய ஐந்து நிமிடத்திலா, உழவில் அரை மணி கழித்தா, ரோட்டிலா, நின்ற இடத்திலா? அந்த ஒரு வரி இருந்தால் பாதி கோளாறு பிடிபட்டுவிடும். இல்லாவிட்டால் நான் சொல்வதும் குருட்டாம்போக்குதான்.

பண்ருட்டி வாசகர்: என் மாஸி 1035-க்கு இருபது வயது ஆகிறது. டிரைலரோடு ரோட்டில் போனால் சூட்டு மீட்டரின் முள் நடுவில் நிற்கிறது. ரொட்டவேட்டர் போட்டால் அரை மணியில் சிவப்புக்குப் போகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

சரியான கடிதம், நன்றி. உடனே மாற்றாதீர்கள். டீசலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகும். மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். ரோட்டில் வண்டி அரை மூச்சில் ஓடுவதால், ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் தெரியாது. ரொட்டவேட்டர் முழு மூச்சையும் கேட்கும், அப்போது தெரிந்துவிடும்.

இன்றைக்கு இருட்டியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, முன் கிரில்லைக் கழற்றி, ஃபேன் பக்கம் ஒரு டார்ச்சை வைத்து முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஊசி ஊசியாக வர வேண்டும். உங்கள் பக்கத்து வண்டிகளில் நான் பார்த்தவரை, நடுவில் மட்டும் வெளிச்சம் வரும், கீழ் மூலை இரண்டும் இருட்டாக இருக்கும். முந்திரித் தோப்புச் செம்மண் புழுதியும் டீசல் கசிவும் சேர்ந்து அங்கே களிமாதிரி அப்பியிருக்கும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரைத் தெளித்துக் கால் மணி ஊறவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். ஃபேன் காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்கிறது, அழுக்கும் அந்த வழியாகத்தான் போய்ப் படிகிறது. முன்னாலிருந்து அடித்தால் இன்னும் இறுகும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடிக்கவும் கூடாது, மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். டீசல் கசிவையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் அதே கதைதான்.

வெளிப்பக்கம் சுத்தமாகியும் சூடு குறையவில்லை என்றால் உட்பக்கம் சுண்ணாம்பு பிடித்திருக்கும். அப்போது ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விடச் சொல்லுங்கள். ரேடியேட்டரின் உள்கூடான பழைய செம்புக் கோரைக் கழித்துக் கட்டிவிட்டு மலிவான கோர் வாங்குவது வேண்டாத வேலை.

உங்கள் ரொட்டவேட்டர் எத்தனை அடி? எழுதவில்லை. அந்த வண்டிக்கு ஐந்தடி போதும். ஆறடி மாட்டியிருந்தால் ரேடியேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாகூர் வாசகர்: கிளப்பிய ஐந்து நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி ஆகிறது, தண்ணீர் வெளியே தள்ளுகிறது. வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, பெல்ட் மூன்றும் மாற்றியாகிவிட்டது.

மூன்றையும் மாற்றும் முன் எழுதியிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கொதிக்காது. ஹோஸை இறுக வைப்பது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, வாய்வரை தண்ணீர் நிரப்பி, அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடிக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, அல்லது ஹெட்டில் விரிசல். பிரித்தால் ஹெட்டின் சமதளத்தையும் விரிசலையும் பார்க்காமல் புது கேஸ்கெட்டை வைத்து மூடவிடாதீர்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரில்தான் இறுக்க வேண்டும். கைக்கணக்கு உதவாது.

கடலூர் வாசகர்: டிராக்டர் சூடாகிறது. என்ன செய்யலாம்?

என்ன வண்டி, எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது சூடாகிறது, கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்? நாலையும் எழுதுங்கள். அதுவரை காலையில் தண்ணீர், இன்ஜின் ஆயில், பெல்ட் மூன்றையும் பாருங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்க வேண்டும். புல்லியின் பள்ளத்து அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் பக்கவாட்டில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: மழைக்காலத்தில் வண்டி சூடானபோது, 'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு' என்று மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். இப்போது வயலுக்குப் போகும்வரை முள் அசைவதே இல்லை. உழவு தொடங்கினால் ஏறிவிடுகிறது.

இதைப் பத்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன். தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் வைத்த பொருள் அல்ல. கத்திரி வெயிலில் நம் ஊரில் 40 டிகிரி இருக்கும். இன்ஜின் தண்ணீருக்கு வேண்டியது 80-க்கு மேல். மீதி 40 டிகிரி எங்கிருந்து வரும்? தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் சிறிது நேரம் பிடித்து வைத்து, இன்ஜினைச் சீக்கிரம் சூட்டுக்குக் கொண்டுவருவதுதான் அந்தச் சின்ன வால்வின் வேலை. அது இல்லாத வண்டி சில்லென்றே ஓடும். லைனர் (பிஸ்டன் ஓடும் குழாய்) சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுதாக எரியாது, எரியாத டீசல் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப் ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் அது தொடங்கிவிட்டது. ரிங்கும் லைனரும் அப்படித்தான் காலத்துக்கு முன்னால் தேய்கின்றன.

அடுத்தது, உங்கள் வண்டி உழவில் சூடாவதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே ஒரு தட்டு உண்டு. மேல்வாய் திறக்கத் திறக்க அந்தத் தட்டு இறங்கிப் பைபாஸ் துவாரத்தை மூடும். முழு வால்வையும் பிடுங்கி எறிந்தால் அந்தத் துவாரம் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்ப், ஹெட், மறுபடி பம்ப் என்று உள்ளேயே சுற்றும். சுமை இல்லாதபோது குளிர்ச்சி, சுமையில் கொதிப்பு. உங்கள் கடிதம் சொல்வது அதுவேதான்.

போன வருடம் எங்கள் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. வேறொரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மூன்று பருவம் ஓட்டியிருக்கிறார்கள். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் லைனரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்தால் படி மாதிரித் தட்டியது, அவ்வளவு தேய்மானம். அந்த விவசாயி கரும்புப் பணத்தில் பாதியை லைனர், பிஸ்டன், ரிங்கில் போட்டுவிட்டுப் போனார். சில நூறு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடித்ததில் வந்த வினை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கழற்றியதை வைத்திருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் முட்டக் கூடாது. அடுப்பைப் பற்ற வையுங்கள். அதன் உடம்பில் 82 அல்லது அதை ஒட்டிய ஒரு எண் அடித்திருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை நெருங்கும்போது வாய் மெல்ல விலகத் தொடங்கும், கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் திரும்ப மூடிக்கொள்ள வேண்டும். திறக்கவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது என்றால் புதிது வாங்குங்கள், அதே எண்ணில், அதே அமைப்பில். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். விளிம்புத் தட்டில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், தண்ணீர் நிரப்பும்போது காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

உங்கள் மெக்கானிக் கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

வில்லியனூர் வாசகர்: ரேடியேட்டருக்குக் கேன் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், கூலன்ட் கலந்து. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கூலன்ட். ஐப்பசி மழையில் ஓடு கழுவிப் போனபிறகு பிடித்த இரண்டு குடம் மழைத்தண்ணீர் அதைவிட நல்லது, செலவும் இல்லை. போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். கடலோரம் உப்பு, உள்ளே போனால் சுண்ணாம்பு. டீக்கடைப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதேதான் ரேடியேட்டர் குழாயிலும் பிடிக்கிறது. பழைய கூலன்ட்டைக் களத்தில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், கன்றும் நாயும் நக்கிவிடும், விஷம்.

நெட்டப்பாக்கம் வாசகர்: மீட்டரில் நம்பிக்கை இல்லை. கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றிச்சூடு பார்க்கும் கருவியை ஹெட்டில் காட்டினால் எண்ணே வரவில்லை.

வராது. அது மனித உடம்புச் சூட்டுக்கு, 43 டிகிரியைத் தாண்டினால் கைவிரித்துவிடும். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் வெப்பமானி கன் தனி. அதைத் தெர்மோஸ்டாட் மூடியருகே, கருப்பான அல்லது பெயின்ட் அடித்த இடத்தில் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைத்துச் சொல்லும். மீட்டரைச் சந்தேகப்பட்டது சரி. நல்ல இன்ஜினைப் பிரித்த பிறகு பழுது மீட்டரில் என்று தெரிந்த கதைகள் நிறைய.

திருக்கனூர் வாசகர்: பழைய ஐச்சருக்கு எந்த நிறக் கூலன்ட் ஊற்ற வேண்டும்?

உங்கள் வண்டியில் ரேடியேட்டர் இருக்கிறதா என்று ஒரு தடவை பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். பழைய ஐச்சர்களில் பல காற்றாலேயே குளிர்பவை, அவற்றில் தண்ணீருக்கு வேலையே இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள மடிப்புகளில் இருக்கும் வைக்கோல் தூசியைச் சுரண்டி எடுங்கள். அவற்றை மூடியிருக்கும் தகரத்தைக் 'காற்று வரட்டும்' என்று கழற்றிவிடாதீர்கள். புளோயர் காற்றை மடிப்புகளுக்குள் திருப்பிவிடுவது அந்தத் தகரம்தான். ஆயில் அளவையும் தினமும் பாருங்கள், அந்த இன்ஜினுக்கு ஆயிலும் குளிரூட்டிதான்.

புவனகிரி வாசகர்: உழவில் சூடு இல்லை. களத்தில் உளுந்து அடிக்கும் மெஷினுக்குப் போட்டால், அதுவும் மதியத்துக்கு மேல்தான் சூடாகிறது.

எப்போது என்று எழுதியதற்கு நன்றி, பதில் அதிலேயே இருக்கிறது. மதியத்துக்கு மேல் நம் பக்கம் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். வண்டியின் முதுகு கிழக்கே இருந்தால் ஃபேன் இழுப்பதைக் காற்று எதிர்த்துத் தள்ளும், மெஷின் கக்கும் பொட்டும் (உளுந்துச் சருகு) தூசியும் சுற்றிவந்து ரேடியேட்டரில் அப்பும். வண்டியின் முகம் கிழக்குப் பார்க்க நிறுத்துங்கள், பொட்டு மேற்கே பறந்துவிடும். ஒரு மணிக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு கிரில் வலையைத் துடைப்பத்தால் தட்டுங்கள்.

சிதம்பரம் வாசகர்: பம்ப் கடையில் டீசல் பம்ப் வேலை பார்த்து மாட்டிய நாளிலிருந்து சூடும் புகையும். இழுவையும் குறைவு.

வேலை பார்த்த நாளிலிருந்து என்றால் வேலை பார்த்த இடத்தில்தான் தேட வேண்டும். டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம், பின்தங்கியிருக்கிறது. மாட்டியவரையே அழைத்து முதல் சிலிண்டரை வைத்து டைமிங் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரைத் தொடவே வேண்டாம். கரும்பு லோடுக்காக டீசலைக் கூட்டி வைக்கச் சொல்லியிருந்தீர்கள் என்றால் அதையும் குறைத்துவிடுங்கள்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு சகோதரி: சேற்றுழவில் வண்டி கொதித்தது. என் கணவர் இறங்கி மூடியைத் திறந்தார். ஆவி அடித்துக் கை வெந்துவிட்டது. இனி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

படித்து மனம் கஷ்டப்பட்டது அம்மா. மூடி வெறும் மூடி இல்லை, அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஒன்றரை டிகிரி போலக் கொதிநிலை உயரும். 7 பவுண்டு மூடி என்றால் உள்ளே தண்ணீர் 110 டிகிரியில் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகச் சீறும்.

கொதித்தால் முதலில் சுமையை எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வெளியேறிவிடவில்லை என்றால் இன்ஜினை அணைக்காமல் மூன்று நான்கு நிமிடம் மெதுவாக ஓடவிடட்டும், பம்ப் சுற்றினால்தான் ஹெட்டின் சூடு இறங்கும். தண்ணீர் காலியாகிவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது என்றால் உடனே அணைக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரை அள்ளிச் சூடான இன்ஜினில் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழுந்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் ஆகட்டும். அதன்பிறகும் நேரத்தை நம்பாமல் மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பார்க்கட்டும். மெத்தென்று அமுங்கினால், ஈரச்சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் திருப்பில் நிறுத்தி ஆவி போனபிறகு திறக்கலாம். கல்லாக இருந்தால் வரப்பில் உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.