புறப்பட்டபின் உயரம் ஏறும்போது ஆட்டோபைலட்டின் எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும்? வெர்டிகல் ஸ்பீட் முறையில் எச்சரிக்கை தேவை என்பது ஏன்?

நான் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320 என்பதால் அதன் சொற்களிலேயே விளக்குகிறேன். போயிங் 737 விமானத்தில் லெவல் சேஞ்ச், வீநாவ் என்று பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்.

ஏறும்போது என்ஜின்கள் வழக்கமாக ஏற்றத்துக்கென்று வரையறுக்கப்பட்ட உந்துவிசையில் நிலையாக இருக்கும். உந்துவிசை மாறாதபோது, ஆட்டோபைலட்டால் மாற்றக்கூடியது விமானத்தின் மூக்கு நிற்கும் கோணம் மட்டுமே. மூக்கை உயர்த்தினால் வேகம் குறையும், தாழ்த்தினால் வேகம் கூடி ஏறும் வீதம் குறையும். ஆகவே வேகம், ஏறும் வீதம் ஆகிய இரண்டில் ஒன்றை நாம் நிர்ணயித்தால், மற்றது எவ்வளவு கிடைக்கிறதோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், உண்மையில் இந்த இரண்டில் எது காக்கப்பட வேண்டும் என்பதையே நாம் முடிவு செய்கிறோம்.

ஓடுபாதையிலிருந்து எழும்போது எஸ்ஆர்எஸ் என்னும் முறை, எல்லா என்ஜின்களும் இயங்கும் நிலையில், வீ2 வேகத்தைவிட (ஒரு என்ஜின் செயலிழந்தாலும் பாதுகாப்பாக ஏறுவதற்கான வேகம்) 10 நாட் கூடுதலாக வைத்து ஏற வழிகாட்டும். தரையை விட்டு 5 விநாடிகள் கடந்து, 100 அடி உயரமும் எட்டியபின் ஆட்டோபைலட்டை இயக்கலாம். பொதுவாக 1,500 அடி அளவில் த்ரஸ்ட் லீவர்களை, அதாவது உந்துவிசைக் கைப்பிடிகளை, ஏற்ற நிலைக்குக் கொண்டுவந்ததும், உந்துவிசையைத் தானாகவே கட்டுப்படுத்தும் ஆட்டோத்ரஸ்ட் செயல்படத் தொடங்கும். வேகம் கூட்டும் உயரத்தைத் தாண்டியதும் முறை தானாகவே கிளைம்ப் என்று மாறும்.

கிளைம்ப், ஓப்பன் கிளைம்ப் இரண்டுமே மூக்கின் கோணத்தால் வேகத்தைக் காப்பவை. ஆனால் கிளைம்ப் முறை, பாதையில் குறித்துவைக்கப்பட்ட உயரக் கட்டுப்பாடுகளை மதித்து நிற்கும். ஓப்பன் கிளைம்ப் அவற்றைக் கண்டுகொள்ளாமல், விமானி குமிழில் வைத்த உயரம்வரை ஏறிவிடும். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒரு திசையைக் கொடுத்து, நாம் திசையை நிர்ணயிக்கும் ஹெடிங் குமிழை இழுத்தால், கிளைம்ப் தானாகவே ஓப்பன் கிளைம்பாகிவிடும். பக்கவாட்டில் செய்த மாற்றம் செங்குத்துப் பாதையையும் மாற்றிவிடும் என்பதைப் புதிய விமானிகள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குமிழில் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கு மேல் எதையும் ஒருபோதும் வைக்கக்கூடாது என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான்.

வெர்டிகல் ஸ்பீட் முறையில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. மூக்கு ஏறும் வீதத்தைப் பிடித்துக்கொள்ள, வேகத்தைக் காக்கும் பொறுப்பு ஆட்டோத்ரஸ்டுக்குப் போய்விடுகிறது. தாழ்வான உயரத்தில் உந்துவிசை மிச்சமிருப்பதால் இதில் சிக்கல் இல்லை. உயரம் கூடக்கூட அந்த மிச்சம் கரைந்துகொண்டே வரும். கேட்ட வீதமோ அப்படியே இருக்கும். உந்துவிசை தன் எல்லையைத் தொட்டபின், அந்த வீதத்துக்கான விலையை வேகம்தான் கொடுத்தாக வேண்டும்.

1979 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மயாமிக்குச் சென்ற ஏரோமெக்சிகோவின் டிசி-10 விமானம், லக்சம்பர்க்குக்கு மேலே 31,000 அடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது இவ்வாறுதான் வேகமிழந்து, இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்குப் போனது. வேகத்தைக் காக்கும் முறையில் ஏறுவதாக விமானிகள் எண்ணியிருக்க, ஆட்டோபைலட் வெர்டிகல் ஸ்பீடில் இருந்தது. ஸ்டாலின் அதிர்வை என்ஜின் கோளாறு என்று கருதி ஒரு என்ஜினையும் நிறுத்தினார்கள். ஏறத்தாழ 11,000 அடி இழந்த பிறகே விமானம் மீண்டது. வால்பகுதியில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர்களின் துண்டுகள் பிய்ந்து போயிருந்தும் மயாமியில் பத்திரமாக இறங்கியது. இன்றைய ஏ320, வேகம் குறைந்தபட்ச அளவுக்கு இறங்கினால் கேட்ட வீதத்தைக் கைவிட்டு வேகத்தைக் காக்கும். அது கடைசி அரண். அதை எதிர்பார்த்துப் பறப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதற்காக வெர்டிகல் ஸ்பீடை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மேலே வேறொரு விமானம் பறக்கையில், நமக்கு அனுமதித்த உயரத்தை எட்டும் கடைசி 1,000 அடியில் வீதத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்துக்கொள்வது, விமானங்கள் மோதாமல் தடுக்கும் டீகாஸ் கருவியின் தேவையற்ற எச்சரிக்கையைத் தவிர்க்க உதவும். அதற்கு இந்த முறையே மிகப் பொருத்தமானது. ஓர் இலக்கோடு, சிறிது நேரத்துக்கு, வேகத்தைப் பார்த்துக்கொண்டே பயன்படுத்துங்கள்.

விமானி தேர்ந்தெடுக்காமலே இந்த முறை வந்துவிடும் தருணம் ஒன்றும் உண்டு. விமானம் உயரத்தைப் பிடிக்கத் தொடங்கி, திரையில் ஆல்ட் ஸ்டார் என்று காட்டும் வேளையில் கட்டுப்பாட்டாளர் மேலும் ஏற அனுமதி தர, நாம் குமிழில் புதிய உயரத்தை வைத்தால், ஆட்டோபைலட் அந்த நொடியில் இருந்த வீதத்துடன் வெர்டிகல் ஸ்பீடுக்கு மாறிவிடும். ஆகவே புதிய உயரத்தை வைத்த கையாலேயே குமிழை அழுத்தியோ இழுத்தோ, கிளைம்ப் அல்லது ஓப்பன் கிளைம்ப் என்று திரையின் மேல்வரிசையில் வந்ததை வாய்விட்டுப் படித்து, பக்கத்திலிருக்கும் விமானியும் அதை உறுதிசெய்த பிறகே கையை எடுங்கள்.