ஓவிய வகுப்பும் இணையமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலோர ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். யூடியூபிலும் பின்ட்ரஸ்டிலும் தேடிக் கிடைப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் வரைகிறார்கள். ஆனால் எல்லாத் தாள்களிலும் ஒரே மயில். இணையத்தை இதைவிட நன்றாகப் பயன்படுத்த முடியாதா?

— ஓர் ஓவிய ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடியும். ‘எளிதாக மயில் வரைவது எப்படி’ என்று காட்டும் காணொளி, முடிந்த படத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு, வட்டம், வளைவு, கோடு என்று பிள்ளையை அதை நோக்கி நடத்திச் செல்கிறது. பிள்ளை அங்கே மயிலையும் பார்ப்பதில்லை, தன் கையையும் அறிவதில்லை. ஆகவே செய்முறைகளைத் தேடுவதை விட்டுவிட்டு மூல ஓவியங்களைத் தேடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012 முதலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், காப்புரிமை முடிந்த தங்கள் படைப்புகளின் துல்லியமான படங்களை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளத் திறந்துவைத்திருக்கின்றன.

உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டியது, ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831-ஐ ஒட்டி உருவாக்கிய ‘பேரலை’ என்றே நினைக்கிறேன். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட அந்தப் படம் நம் ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்த்தால், அலையின் நுரை நகங்களைப்போல விரிந்திருப்பதும், அதன் கீழே மூன்று படகுகளில் துடுப்புக்காரர்கள் குனிந்து ஒட்டிக்கிடப்பதும் தெரியும். அவை மீனை விரைந்து சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் படகுகள். நடுவே சிறிதாக, பனிமூடிய ஃபூஜி மலை; முதல் பார்வையில் அதுவும் ஓர் அலையாகவே தோன்றும். ‘படகில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? மலை ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது? இந்த அலை அடுத்து எங்கே விழும்?’ என்று கேளுங்கள். அப்பாவும் மாமாவும் படகேறிப் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்கள் எந்தக் கலை விமர்சகருக்கும் கிடைக்காதவை. அவர்கள் பேசி முடிக்கும்வரை பென்சிலை எடுக்கச் சொல்லாதீர்கள்.

பிறகு திரையை அணைத்துவிடுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் படம் கண்முன் இருக்கும்வரை பிள்ளைகள் அதைப் பிரதி எடுக்கவே முயல்வார்கள். அது மறைந்தபிறகுதான் தாங்கள் கண்ட கடலை நினைவிலிருந்து வரையத் தொடங்குவார்கள். ஒரே ஒரு நீல நிறமும் தாளின் வெண்மையும் மட்டும் போதும் என்று வரம்பு வையுங்கள். ஹொக்குசாயின் அலையும் பெரும்பாலும் அவ்விரண்டால் ஆனதுதான். நிறம் குறைந்தால் பிள்ளை கோட்டைக் கவனிக்கும்.

அடுத்த வாரத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் வரையப்பட்டுள்ள தாமரைக்குளத்தைக் காட்டலாம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் என எல்லாமே அந்தக் குளத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அதைப் பார்த்தபின் தங்கள் ஊர்க்குளத்தில் எவையெல்லாம் இருக்கின்றன என்று வரையச் சொல்லுங்கள்.

பள்ளியில் புரொஜெக்டர் இல்லையென்றால் ஒரு வண்ண அச்சுப்படி எடுத்து, பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அருகில் அழைத்துக் காட்டுங்கள். கைபேசித் திரை இதற்குப் போதாது. தாள்களுக்கு மதிப்பெண் போடவேண்டாம். அவர்கள் வரைந்த கடல்களில் சிலவற்றைப் பெயர் இல்லாமல் எனக்கு அனுப்பிவையுங்கள், காண ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.