கைபேசி வழியாக மறுவாழ்வு மருத்துவம்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் உடலியக்க மறுவாழ்வு மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், காணொளி வழிச் சிகிச்சையைப் பற்றி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் இவை.

கேள்வி (பேச்சிப்பாறை): டாக்டர், என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரைப் பேருந்தில் அழைத்து வருவது பெரும்பாடாக இருக்கிறது. இனி எல்லாவற்றையும் காணொளியிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: எல்லாவற்றையும் முடியாது, பெரும்பகுதியை முடியும். தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்துத்தான் அறிய முடியும் என்பதால் முதல் பரிசோதனை நேரில் நடப்பதே நல்லது. இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடவும் நேரில்தான் வர வேண்டும். அதன் பிறகு, பயிற்சியைச் சரியாகச் செய்கிறாரா, மாத்திரையால் சோர்வு உண்டாகிறதா என்பவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கைபேசியைச் சற்றுத் தள்ளி, முழங்கால் உயரத்தில், அவருக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அலைவரிசை கிடைக்காத நாளில், அவர் எழுந்து நடப்பதை முன்பே பதிவு செய்து அனுப்பிவிட்டுக் குரல் அழைப்பில் பேசினால் போதும். அவரைத் தூக்கும்போது மட்டும் செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். அந்தத் தோள் எளிதில் இறங்கிவிடும்.

கேள்வி (மார்த்தாண்டம், இத்துறையின் இளம் மருத்துவர்): மேடம், தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதப் பயமாக இருக்கிறது. சட்டம் இடம் தருகிறதா?

பதில்: தருகிறது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டி நெறிகள், காணொளி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளையும் ஏற்று, எது போதும் என்ற முடிவை மருத்துவரிடமே விடுகின்றன. நோயாளியே அழைத்தால் அவரது ஒப்புதல் அதிலேயே அடங்கும். போதை மருந்துகளை எழுதக் கூடாது. பதிவு எண்ணுடன் மருந்துச் சீட்டு தர வேண்டும். பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

உங்கள் தயக்கம் நியாயமானதே. நானும் அவ்வாறு தயங்கியவள்தான். என் எண்ணத்தை மாற்றியது நோயாளிகளின் வீடுகளே. மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நன்றாக நடந்த ஒருவர், தம் வீட்டு முற்றத்தின் ஈர மண்ணிலும் கழிவறையின் உயர்ந்த படியிலும் தடுமாறுவதைக் காணொளியில் பார்த்தபோது, அறைக்குள் அமர்ந்து நான் எழுதிய பயிற்சிகள் அவருக்கு எவ்வளவு போதாதவை என்பது புரிந்தது. கட்டிலின் உயரமும் கைப்பிடி பொருத்த வேண்டிய இடமும் நம் பரிசோதனை அறையில் தெரிவதில்லை. தொடுவதற்கு ஒரு கை வேண்டும் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வரும் நாளிலேயே அழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூட்டை அசைத்துச் சொல்வதையும் நீங்கள் கண்ணால் காண்பதையும் சேர்த்து முடிவெடுக்கலாம்.

கேள்வி (குளச்சல்): அம்மா, கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட என் அண்ணன் படுக்கையில் இருக்கிறார். இடுப்புப் புண்ணைப் படம் எடுத்து அனுப்பலாமா? சில நேரம் திடீரெனக் கடுமையான தலைவலியும் முகத்தில் வியர்வையும் வருகின்றன.

பதில்: பகல் வெளிச்சத்தில், அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, வாரந்தோறும் அனுப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வையுங்கள். புண்ணில் துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் படம் போதாது, நேரில் வாருங்கள்.

ஆனால், தங்கையே, நீங்கள் சொல்லும் தலைவலிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கழுத்துத் தண்டுவடக் காயத்தில், சிறுநீர் தேங்கினாலோ மலம் இறுகினாலோ இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அவரை உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். தணியவில்லை என்றால் காணொளிக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். தணிந்துவிட்டாலும், இது மீண்டும் மீண்டும் வருவதால், இந்த வாரமே அவரை நேரில் காட்டிவிடுங்கள்.

கேள்வி (தக்கலை): மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இவ்வழி போதுமா?

பதில்: போதாது, ஐயா. விண்ணப்பத்தை இணையத்தில் அளிக்கலாம். ஆனால் குறைபாட்டின் சதவீதத்தைக் கணக்கிட மூட்டசைவையும் தசை வலிமையையும் அளக்க வேண்டியிருப்பதால் மதிப்பீட்டுக்கு நேரில்தான் செல்ல வேண்டும். பழைய மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.