கேள்வி – பதில்: டிரம்பெட்

பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். சர்ச் விருந்தான அசனப் பண்டிகை, கல்யாணம் என்று மே மாதம் முழுக்க ஓய்வில்லை. இரண்டு மணி நேரம் தாண்டினால் மேல் சுரம் வர மறுக்கிறது. மறுநாள் உதடு தடித்துவிடுகிறது.
– வாசகர், நாசரேத்

உதடு களைத்ததும் கை தானாகக் கருவியை முகத்தோடு சேர்த்து அழுத்தும். அப்போதைக்கு மேல் சுரம் வந்துவிடும். ஆனால் அழுத்திய இடத்தில் ரத்தம் ஓடாது, உதடு சரியாக அதிராது, உடனே இன்னும் அழுத்துவீர்கள். முற்றினால் வாயைச் சுற்றியுள்ள தசையே கிழியலாம். அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பட்டப்பெயரான 'சாட்ச்மோ'வைத்தான் மருத்துவர்கள் அந்தக் கோளாறுக்கு வைத்திருக்கிறார்கள்.

வலது சுண்டுவிரலைக் கருவியின் மேலுள்ள விரல் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். மேல் சுரம் காணாமல் போனால், இதுவரை அதை வரவழைத்தது மூச்சு அல்ல, கை.

செட்டில் இரண்டு டிரம்பெட் இருந்தால் பல்லவி ஒருவர், சரணம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சேர்ந்தே ஊதுவது கேட்க எடுப்பாக இருக்கும். ஆனால் இருவர் உதடும் ஒரே நேரத்தில் போய்விடும். வாசிக்காத இடங்களில் மௌத்பீஸை (ஊதும் முனையை) உதட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சைடு டிரம் முதுகுக்குப் பின்னால் நின்றால் உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்காது, இன்னும் பலமாக ஊதுவீர்கள்; இரண்டு வரிசை தள்ளி நிற்கச் சொல்லுங்கள், காதும் தப்பும். தொடங்குமுன் பத்து நிமிடம், முடித்தபின் ஐந்து நிமிடம் கீழ்ச் சுரங்களை மெதுவாக நீட்டி ஊதுங்கள். உதட்டோரம் காற்று ஒழுகினாலோ மரத்துப்போனாலோ சமாளித்து வாசிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பாடுபவர் சொல்லும் கட்டைக்கு (சுருதிக்கு) ஒரு கட்டை கூட்டி வாசிக்கிறேன். சில பாட்டு சேர்கிறது, சிலது சேரவில்லையே?
– வாசகர், வள்ளியூர்

பி ஃபிளாட் டிரம்பெட் நீங்கள் பிடிக்கும் சுரத்துக்கு இரண்டு அரைச் சுரம் கீழே ஒலிக்கும். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் சி-யிலிருந்து 1 முதல் 7, நடுவே வரும் கறுப்பு அரைக் கட்டை. கறுப்பையும் சேர்த்து எண்ணி இரண்டு இடம் மேலே போக வேண்டும். 2 கட்டைக்கு 3, 4-க்கு 5, 5-க்கு 6 சரி. 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்பு கிடையாது; அதனால் 2½-க்கு 4, 3-க்கு 4½. அதேபோல 6½-க்கு 1, 7-க்கு 1½. இடறுவது இந்த நான்கில்தான். 2 கட்டைப் பாட்டில் மூன்று வால்வும் அமுக்கி வரும் கீழ் சி ஷார்ப் சுருதி ஏறி ஒலிக்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை (நகரும் குழாயை) வெளியே தள்ளிச் சுருதியை இறக்குங்கள்.

நிகழ்ச்சி இல்லாத மாதங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?
– வாசகர், தென்காசி

தாராளமாக. முன்பற்கள் விழுந்து முளைத்திருக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேல் நல்லது. 7சி அளவு மௌத்பீஸ், தினம் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு வேளை போதும். பெற்றோர் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வைக் கேட்பார்கள். காதால் மட்டும் வாசிப்பவரானால் முதலில் நீங்கள் நோட்டு படிக்கப் பழகுங்கள். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தராதீர்கள். பிசுக்கேறி வால்வு சிக்கும். வால்வு ஆயில் மூன்று சொட்டு போதும். கழற்றி மாட்டும்போது வால்வில் உள்ள 1, 2, 3 என்ற இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், மாறினால் காற்றே போகாது.