சைக்கிள்காரருக்குப் பளு எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தினமும் காலையில் 200 பஸ்கி எடுக்கிறேன். தொடை தீயாக எரிகிறது. ஆனால் ஆறு மாதமாகியும் பவர் மீட்டரில் (மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் காட்டும் கருவி) எண் ஏறவில்லை. 300 ஆக்கட்டுமா? (கோயம்புத்தூர், வயது 31)

வேண்டாம். இருக்கும் 200-ஐயும் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 90 சுற்று வீதம் ஒரு மணி நேரம் ஓட்டினால், உங்கள் ஒவ்வொரு காலும் 5,400 முறை பெடலை மிதிக்கிறது. அப்படிப்பட்ட காலுக்கு 200 பஸ்கி புதிதாக என்ன சொல்லித்தந்துவிடும்? எரிச்சல் என்பது தசை களைத்ததற்கு அடையாளம். அதைப் பலம் கூடியதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு பலர் வருடக்கணக்கில் உழைப்பை வீணாக்குவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை), நிமிடத்துக்கு 90 சுற்றில், 250 வாட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கிராங்கைச் சுழற்றத் தேவைப்படும் சராசரி விசை சுமார் 16 கிலோ எடைக்குச் சமம். கால் கீழே அழுத்தும் கணத்தில் இது இன்னும் அதிகம். ஆனாலும் பெரிய சுமை என்று சொல்ல முடியாது. பிறகு எதற்கு 80, 100 கிலோ ஸ்குவாட் (பளுவைத் தோளில் ஏற்றி எடுக்கும் பஸ்கி) என்று கேட்பீர்கள்.

காரணம் தசை இழைகளில் இருக்கிறது. மெதுவாகச் சுருங்கும் இழைகள் மணிக்கணக்கில் தாங்கும். வேகமாகச் சுருங்கும் இழைகளில் பல சீக்கிரம் களைத்துவிடும். ஒவ்வொரு மிதியும் உங்கள் உச்ச பலத்தில் பெரிய பங்கைக் கேட்டால், களைக்கும் இழைகளை உடல் முன்கூட்டியே வேலைக்கு இழுக்க வேண்டியிருக்கும். உச்ச பலம் உயர்ந்தால் அதே மிதி சிறிய பங்காகிவிடுகிறது. பலன் முதல் அரை மணியில் தெரியாது, நான்காவது மணியில் தெரியும்.

நார்வே ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற வீரர்களை 185 நிமிடம் மிதமாக ஓட்டவைத்து, அதன் பிறகு ஐந்து நிமிடம் முழு மூச்சாக மிதிக்கச் சொன்னார்கள். அதற்கு முன் 12 வாரம், வாரம் இரண்டு நாள் கனமான எடை தூக்கியவர்கள் அந்த ஐந்து நிமிடத்தில் சுமார் 7 சதவீதம் கூடுதலாக வாட் எடுத்தார்கள். டென்மார்க்கின் தேசிய அணி இளைஞர்களுக்கு 16 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தபோது 45 நிமிட ஓட்டத்தில் அவர்கள் எடுத்த வாட் 8 சதவீதம் கூடியது. அந்த ஆய்வு 2011-இல் வெளியானது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஸ்குவாட், ஒற்றைக்கால் லெக் பிரஸ் (கருவியில் அமர்ந்து காலால் பளுவைத் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலுள்ள பளுவைத் தூக்கி நிமிர்வது), கெண்டைக்காலுக்குக் குதிகால் தூக்குதல். முதல் மூன்று வாரம் பத்துப் பத்தாக, எடையைவிட முறையில் கவனம் வைத்துப் பழகுங்கள். பிறகு எடையை ஏற்றி, எண்ணிக்கையை எட்டு, ஆறு, ஐந்து என்று இறக்குங்கள். ஐந்தாவது முறையை முடித்ததும் இன்னொன்றுக்கு மேல் எடுக்க முடியாது என்று தோன்றும் எடைதான் சரியான எடை. மூன்று செட் போதும். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருங்கள். அதைச் சோம்பேறித்தனமாக நினைக்காதீர்கள். இறக்கும்போது நிதானம், ஏற்றும்போது முடிந்த வேகம்.

எடை தூக்கினால் உடம்பு பெருத்து, கொல்லிமலை ஏறும்போது அதையும் சுமக்க வேண்டியிருக்குமே? (நாமக்கல், வயது 27)

நியாயமான பயம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். ஆனால் மேலே சொன்ன மாதிரியான பயிற்சிகளில் தொடைத் தசை சற்றுப் பெருத்தும் வீரர்களின் உடல் எடையில் குறிப்பிடும்படியான மாற்றம் வரவில்லை. வாரத்தில் எட்டுப் பத்து மணி நேரம் மிதிக்கும் உடல், தசையை அப்படி எளிதில் சேர்த்துக்கொள்ளாது. ஆரம்பத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் தசையைச் செம்மையாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. அதற்கு எடை கிடையாது.

ஜிம்முக்குப் பதில், மேட்டில் பெரிய கியரில் 50 சுற்றில் மிதித்தால் போதாதா? (சேலம்)

போதாது. அதே 250 வாட்டை 50 சுற்றில் எடுத்தாலும் சராசரி விசை 29 கிலோ அளவுதான். ஏற்றத்துக்கு அது நல்ல பழக்கம், செய்யுங்கள். பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பி) தரும் சுமைக்கு அது அருகில்கூட வராது.

அலுவலகம் போகிறவன். வாரத்தில் இரண்டு நாள் இன்டர்வெல் (விட்டுவிட்டு வேகமாக மிதிக்கும் பயிற்சி), ஞாயிறு நீண்ட ஓட்டம். இதில் ஜிம்மை எங்கே செருகுவது? (சென்னை, வயது 38)

கடினமான நாளிலேயே செருகுங்கள். செவ்வாய் காலை இன்டர்வெல் என்றால் அன்று மாலையே ஜிம். நடுவில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். அப்போதுதான் புதன்கிழமை உண்மையான ஓய்வாக இருக்கும். வெள்ளி, சனியில் கனமான ஸ்குவாட் எடுத்துவிட்டு ஞாயிறு கால் வரவில்லை என்று சொல்லக் கூடாது.

ஆசையில் நான்கைந்து நாள் ஜிம்முக்குப் போய்விடாதீர்கள். 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பலப் பயிற்சியையும் தாங்குதிறன் பயிற்சியையும் வாரம் முழுக்கச் சேர்த்தே கொடுத்துப் பார்த்தார். முதல் ஏழு வாரம் பலம் ஏறியது. அதன் பிறகு, பயிற்சி தொடர்ந்தபோதே, இறங்கத் தொடங்கியது. இரண்டு நாளே தாராளம்.

எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள். வாரம் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். "இந்த வயதில் பளு எதற்கம்மா" என்று மகன் தடுக்கிறான். (மதுரை)

அம்மா, இந்த இதழில் வந்த கேள்விகளில் பளு மிக அவசியமாகத் தேவைப்படுவது உங்களுக்குத்தான். மகனின் அக்கறை புரிகிறது; ஆனால் அது தலைகீழாக நிற்கிறது.

சைக்கிளில் உங்கள் எடையை இருக்கை சுமக்கிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமையான வேலை. எலும்புக்கு வேலையே இல்லை. சுமை விழுந்தால்தான் எலும்பு உறுதிப்படும். வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டிய ஆண் வீரர்களுக்கே முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது பல முறை பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் எலும்புத் தேய்மானம் வேறு வேகமெடுக்கும் காலம் இது.

முதலில் மருத்துவரிடம் சொல்லி எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடர்த்தி குறைந்திருந்தால் முதுகை வளைத்து எடை தூக்கும் எதையும் தொடக் கூடாது. மற்றபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். அது சுலபமானதும் மார்போடு ஒரு டம்பெல்லை அணைத்தபடி எழுங்கள். இரண்டு மாதம் கழித்து, முறையாகச் சொல்லித்தரும் பயிற்சியாளரிடம் பார்பெல். ஒரு நாள் மகனையும் உடன் அழைத்துப் போங்கள்.

ஜனவரியில் 600 கிலோமீட்டர் பிரவே (குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்). ஜிம்மை எப்போது நிறுத்துவது? (புதுச்சேரி, வயது 44)

நிறுத்தாதீர்கள், குறையுங்கள். எட்டு வாரம் முழுதாக விட்டால் சேர்த்த பலத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். நாற்பது மணி நேரக் கெடுவின் இரண்டாம் நாள் காலையில்தான் அது உங்களுக்குத் தேவை. வாரம் ஒரே ஒரு நாள், எடையைக் குறைக்காமல் இரண்டு செட் போட்டால் பலம் அப்படியே நிற்கும். கடைசிக் கனமான பயிற்சி, புறப்படும் நாளுக்கு ஏழெட்டு நாள் முன்பே முடிந்திருக்கட்டும்.