அப்பாவின் பார்ட் டி அபராதம்: 19 மாதத்துக்குச் சண்டை போடுங்கள், 26 மாதத்தைத் தொடாதீர்கள்

கேள்வி (சுருக்கம்): நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, கிரீன் கார்டு. 2019 மேயில் 65 ஆனது. வேலையில் இருந்ததால் கம்பெனி இன்சூரன்ஸ் 2021 மார்ச் வரை இருந்தது. ஓய்வு பெற்றதும் மெடிகேரில் (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஏ, பி மட்டும் வைத்துக்கொண்டார். மாத்திரையே சாப்பிடாதவருக்கு மருந்துக் காப்பீடு எதற்கு என்று தெரிந்த ஏஜென்ட் ஒருவர் சொன்னதால், மருந்துக்கான பார்ட் டி எடுக்கவில்லை. அம்மா காலமான பின், 2022 செப்டம்பரிலிருந்து 2024 அக்டோபர் வரை கோவையில் இருந்தார். நடுவில் இரண்டு முறை வந்து மூன்று மூன்று வாரம் தங்கினார். இப்போது சர்க்கரை, இதய நோய். 2026 ஜனவரி முதல் பார்ட் டி எடுத்தோம். 76 மாதம் தாமதம், மாதம் 29.60 டாலர் அபராதம், ஆயுள் முழுக்கக் கட்டவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. ஊரில் இருந்த 26 மாதத்துக்கும் சேர்த்து அபராதமா? ஏஜென்ட் மீது வழக்குப் போடலாமா? சிட்டிசன்ஷிப்புக்கும் விண்ணப்பிக்க இருக்கிறோம்.

பதில்:

ஏஜென்ட்டை விடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்துக்கொண்டு மாதம் 30 டாலருக்கு எந்த வக்கீலும் வழக்கு எடுக்கமாட்டார். கடிதங்களைத் தங்கை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது கடைசி வரிதான். அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கு. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம், 2026-க்கு அந்தப் பிரீமியம் 38.99 டாலர். 76 மாதத்துக்கு 29.60. இதில் 2019 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரையிலான 19 மாதம் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தவர். அந்தத் திட்டத்தின் மருந்துக் காப்பீடு மெடிகேர் தரத்துக்குக் குறையாதது என்றால் அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பிளான்காரர்கள் இதைக் கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருப்பார்கள், நீங்கள் பதில் போட்டிருக்கமாட்டீர்கள். பழைய கம்பெனியின் எச்.ஆரிடம் 'கிரெடிடபிள் கவரேஜ்' கடிதம் கேளுங்கள். அதை இணைத்து மறுபரிசீலனைப் படிவம் போட்டால் 57 மாதமாகக் குறையும், அபராதம் 22.20. இது பெரும்பாலும் ஜெயிக்கிற கேஸ்.

அடுத்தது கோவையில் இருந்த 26 மாதம். வெளிநாட்டில் குடியிருப்பவர் பார்ட் டி-யில் சேரவே முடியாது, சேர முடியாத மாதத்துக்கு அபராதமும் கிடையாது. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. அதையும் வென்றால் அபராதம் 12.10-க்கு வரும். மாதம் 10 டாலர் 10 சென்ட் மிச்சம்.

ஆனால் அதற்கு அப்பா கையெழுத்துப் போட்டு என்ன சொல்லவேண்டும்? 'நான் அந்த 26 மாதமும் அமெரிக்காவில் குடியிருக்கவில்லை, இந்தியாவில்தான் குடியிருந்தேன்' என்று. ஒரு கிரீன் கார்டுக்காரர் தன் கைப்பட எழுதித் தரவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இரண்டு முறை வந்தபோதும் ஏர்போர்ட்டில், 'வீடு நியூ ஜெர்சியில், ஊருக்குச் சும்மா போய் வந்தேன்' என்றுதானே சொல்லியிருப்பார்? தற்காலிகமாகப் போனவர் என்றால் அபராதம் நியாயம். குடியே மாற்றியவர் என்றால் கிரீன் கார்டையே கைவிட்டுவிட்டார் என்ற கேள்வி வரும். மெடிகேருக்கு ஒரு கதை, இமிகிரேஷனுக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ள முடியாது.

என்னிடம் வந்த ஒரு அம்மா இப்படித்தான் மாட்டினார். அபராதத்தைக் குறைக்க, 'சென்னையில் நிரந்தரமாக வசித்தேன்' என்று மகன் எழுதிக்கொடுத்தார், ஜெயித்தும் விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. இருக்கிற காகிதமெல்லாம் இருக்கட்டும் என்று ஒரு மஞ்சள் பையில் போட்டு அனுப்பினார்கள். மெடிகேர் கார்டைக் காட்டுவதற்காக அந்த அம்மா எடுத்த உறையில் இந்தக் கடிதமும் இருந்தது. அதிகாரி அதையே எடுத்துப் படித்தார். அப்புறம் நடந்ததைச் சரிசெய்ய எனக்கே பதினான்கு மாதம் ஆனது. மெடிகேர் காகிதம் தானாக இமிகிரேஷனுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற காகிதம் என்றைக்காவது கண்ணில் படும், அவ்வளவுதான்.

அப்பாவின் நிலைமை அந்த அம்மாவுடையதைவிட மோசம். ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கிறார். சிட்டிசன்ஷிப்புக்குத் தேவையான ஐந்து வருடத் தொடர் வசிப்பு அங்கேயே அறுந்துவிட்டதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. விண்ணப்பத்தில் பயணத் தேதிகளை உள்ளபடி எழுதியே ஆகவேண்டும், அதில் ஒரு நாளைக்கூட மறைக்காதீர்கள். விண்ணப்பம் போடும் முன் இமிகிரேஷன் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், பாஸ்போர்ட்டோடு.

ஆக, 19 மாதத்துக்கு மட்டும் படிவம் போடுங்கள். மீதி 22.20-ஐக் கட்டிவிடுங்கள். தோசைக்கும் காபிக்கும் ஆகிற பணம்.

வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' உதவி கிடைத்தால் அபராதமே இருக்காது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். உங்கள் சம்பளத்தை அதில் கணக்கிடமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் 2025 கணக்கில் தனி ஆளுக்குச் சொத்து வரம்பு 17,600 டாலர். குடியிருக்கும் வீட்டைத் தவிர மற்ற மனை, வீடு எல்லாம் அதில் சேரும், கோவையில் இருந்தாலும் சரி. சரவணம்பட்டியில் அப்பா பேரில் ஐந்து சென்ட் மனை கிடப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சத்தியம்.

மறுபரிசீலனை முடியும்வரை அபராதம் கட்டமாட்டேன் என்று ரோஷப்படவும் வேண்டாம். சட்டப்படி அது பிரீமியத்தின் ஒரு பகுதி. கட்டாவிட்டால் பிளானிலிருந்தே நீக்கலாம். நீக்கினால் மருந்துக்கு முழு விலை, அபராத மாதங்களும் திரும்ப ஏற ஆரம்பிக்கும். இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது, பிளான் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2026-ல் கைக்காசு 2,100 டாலரோடு நின்றுவிடும் என்ற இரண்டு பாதுகாப்பும் பிளானில் இருக்கும்வரைதான்.

கடிதத்தின் மேல் மூலையில் உள்ள தேதியிலிருந்து 60 நாள். உங்கள் கைக்கு வந்த தேதி இல்லை. எச்.ஆர். கடிதம் வரத் தாமதமானால் படிவத்தை முதலில் அனுப்பிவிட்டு, கடிதம் பின்னால் வருகிறது என்று அதிலேயே எழுதுங்கள். அனுப்பும் முன் அப்பா எழுதியதை ஒரு முறை வாசித்துப் பாருங்கள்; 'கோவையில்' என்ற வார்த்தை எங்காவது இருந்தால் புதுப் படிவம் எடுங்கள்.