தன்னை இகழ்ந்த முன்னுரையை அவர் ஏன் அச்சிட்டார்?

கேள்வி: ருமேனிய எழுத்தாளர் மிஹாயில் செபாஸ்தியனைத் துணிச்சலான பத்திரிகையாளர் என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். தன் இனத்தை இழித்துப் பேசிய முன்னுரையைத் தன் நாவலின் தொடக்கத்திலேயே அச்சிட்டவர் அவர். அந்த முன்னுரையை எழுதியவரின் பத்திரிகையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவரும் அவரே. தன்மானம் இல்லாத ஒருவருக்கு இந்தப் பாராட்டு எதற்கு? உங்களுக்கு அப்படியொரு முன்னுரை வந்தால் அச்சிடுவீர்களா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பத்திரிகையில் வேலை பார்த்தார் என்பது உண்மை. அதை மறைக்கும் நோக்கம் எனக்கில்லை, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டான்யூப் ஆற்றங்கரைத் துறைமுக ஊரான பிரயிலாவில், 1907-இல், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இயோசிஃப் ஹெக்தெர். பள்ளியிறுதித் தேர்வில் அந்தப் பையனின் திறமையை அடையாளம் கண்டுகொண்ட தேர்வாளர் நாயே யொனெஸ்கு, அதே ஊரில் பிறந்து புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். அவர் கைபிடித்து அழைத்துச் சென்றதால்தான், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், 'குவுந்துல்' நாளிதழில் செபாஸ்தியன் எழுதத் தொடங்கினார். 'சொல்' என்பது அந்தப் பெயருக்குப் பொருள். அவர் சேர்ந்தபோது அது பாசிசப் பத்திரிகை அல்ல. 1933 வாக்கில்தான் யொனெஸ்குவும் பத்திரிகையும் 'இரும்புக் காவல்படை' என்ற யூத வெறுப்பு இயக்கத்தின் பக்கம் முழுமையாகச் சாய்ந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பிரதமர் துக்காவை சினாயா ரயில் நிலையத்தில் அந்த இயக்கத்தார் சுட்டுக் கொன்றதும் அரசு பத்திரிகையை மூடியது. அதுவரை செபாஸ்தியன் அங்கேதான் இருந்தார். அவருடைய பழைய கட்டுரைகளைத் தோண்டியெடுத்து 2009-இல் ருமேனிய ஆய்வாளர் மார்த்தா பெத்ரெயு வெளியிட்ட நூல், குருவின் தீவிர வலதுசாரிச் சாயல் சீடனிடமும் படிந்திருந்தது என்று வாதிடுகிறது. இந்த இடத்தில் உங்கள் குற்றச்சாட்டு நிற்கிறது.

முன்னுரை விஷயத்தில் அது நிற்காது. 'இரண்டாயிரம் ஆண்டுகளாக' என்ற நாவலுக்கு முன்னுரை வேண்டும் என்று செபாஸ்தியன் யொனெஸ்குவிடம் கேட்டது, அவர் மாறுவதற்கு முன்பு. எழுதி வந்து சேர்ந்தது 1934-இல், அவர் மாறிய பிறகு. நாவலின் மையக் கேள்வி ஒன்றுதான்: ருமேனிய மண்ணில் பிறந்து, ருமேனிய மொழியில் சிந்தித்து, டான்யூப் ஆற்றைத் தன் ஆறு என்று நினைக்கும் ஒரு யூதன், யூதனாக இருந்துகொண்டே ருமேனியனாகவும் இருக்க முடியுமா? முன்னுரை அதற்கு முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் சொன்னது. மீட்பரைப் பெற்றெடுத்தும் நம்ப மறுத்த இனம் துன்பப்பட்டே தீர வேண்டும் என்றது. அட்டையில் இருந்த பெயர் மிஹாயில் செபாஸ்தியன். முன்னுரை அவரை விளித்ததோ இயோசிஃப் ஹெக்தெர் என்று. நீயாகத் தேர்ந்துகொண்ட பெயர் செல்லாது, பிறந்த பெயர்தான் நீ என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நாவல் கேட்ட கேள்விக்கு நாட்டின் பேரறிஞர் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சாட்சியம் அது. அதைக் கிழித்துப் போட்டிருந்தால் ஆதாயம் அடைந்திருப்பவர் யொனெஸ்கு மட்டுமே.

செபாஸ்தியனும் அப்படித்தான் கணக்கிட்டார். மறு ஆண்டே, 'நான் எப்படிப் போக்கிரி ஆனேன்' என்ற தலைப்பில் ஒரு தனி நூலே எழுதி, தன் செயலுக்கு விளக்கம் கொடுத்தார். கேட்டு வாங்கிய முன்னுரையை மறைக்கத் தனக்கு உரிமையில்லை என்பதும், வெளியிடுவதே தகுந்த பழிவாங்கல் என்பதும் அதன் சாரம். யூதப் பத்திரிகைகளும் இடதுசாரிகளும் வலதுசாரிகளும் சேர்ந்து அவரைத் தாக்கினார்கள். முன்னுரையின் இறையியலை எதிர்த்து எழுதிய நண்பர் மிர்ச்சா எலியாடெ, கல்கத்தாவில் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் இந்தியத் தத்துவம் படித்துவிட்டுத் திரும்பியவர். நம்மூர் நூலகங்களில் யோகம் பற்றிய அவருடைய நூலைப் பார்த்திருப்பீர்கள். அதே எலியாடெ சில ஆண்டுகளில் காவல்படையின் பக்கம் போனதும், 1942-இல் புக்காரெஸ்ட் வந்தவர் செபாஸ்தியனை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பியதும் தனிக் கதை.

செபாஸ்தியன் மீது எனக்குள்ள குறை வேறு. அந்த முன்னுரைக்குப் பிறகும் அவரால் ஆசிரியரை வெறுக்க முடியவில்லை. 1940 மார்ச்சில் யொனெஸ்கு இறந்தபோது அந்த வீட்டுக்குப் போய், அடக்க முடியாமல் விம்மி அழுதிருக்கிறார். இது எனக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதி வைத்திருக்கிறார். தன்மானம் இல்லாதவர் என்று நீங்கள் சொல்வதற்கு வேண்டிய சான்றுகளைக்கூட அவர்தான் உங்களுக்குத் தருகிறார். துணிச்சல் என்று நான் குறிப்பிட்டது இதைத்தான்.

1935 பிப்ரவரி முதல் 1944 டிசம்பர் வரை அவர் எழுதிய நாட்குறிப்பின் முதல் பதிவு, இரவு பத்து மணிக்கு வானொலியில் பிராக் நகரத்திலிருந்து வந்த, ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையைப் பற்றியது. சில ஆண்டுகளில் யூதர்களின் வானொலிப் பெட்டிகளை அரசு பறித்துக்கொண்டது. வழக்கறிஞர் தொழில் போயிற்று, இலக்கிய இதழில் இருந்த வேலை போயிற்று. யூத மாணவர்களுக்கான பள்ளியில் பாடம் நடத்திப் பிழைத்தார். 1941 ஜனவரியில் புக்காரெஸ்டில் நடந்த படுகொலையையும், இறைச்சிக் கூடத்தில் மாடுகளைத் தொங்கவிடும் கொக்கிகளில் மனித உடல்கள் தொங்கவிடப்பட்டதையும் குரலை உயர்த்தாமல் பதிவு செய்தார். நேற்று வரை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர் இன்று என்ன சொன்னார் என்பதை அவர் அப்படியே எழுதுகிறார். பதிலுக்குத் தான் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதுகிறார். அச்சில் வராத பத்தாண்டுகளின் செய்தியாளர் என்று அவரைச் சொல்லலாம். யூதர் பெயரில் நாடகம் மேடையேற முடியாத 1944-இல், 'பெயரில்லாத நட்சத்திரம்' நாடகத்தை விக்தர் மின்கு என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அரங்கேற்றினார். நாடகத்தின் தலைப்பே அவருடைய நிலையைச் சொல்லிவிட்டது.

ஹிட்லரின் ஜெர்மனியோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஆட்சி கவிழ்ந்த பின் கம்யூனிஸ்டுகளின் நாளிதழில் இடம் கிடைத்தது. அங்கே கட்டளைக்கு எழுத வேண்டும் என்று தெரிந்ததும் விலகினார். 'குவுந்துல்' கற்பித்த பாடத்தை இம்முறை ஆண்டுக்கணக்கில் படிக்கவில்லை. 1945 மே 29 அன்று பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் பற்றிச் சொற்பொழிவாற்றப் போகும் வழியில் லாரி மோதி இறந்தார். வயது 37.

1961-இல் நாட்டை விட்டு வெளியேறிய தம்பி, அந்த நோட்டுப் புத்தகங்களை இஸ்ரேலியத் தூதரகத்தின் தபால் பை வழியாகக் கடத்தினார். 1996-இல்தான் அவை புக்காரெஸ்டில் நூலாயின. எலியாடெயை ஞானியாகக் கொண்டாடிய ஒரு தலைமுறைக்கு அது பேரிடி.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: அச்சிடுவேன். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் அச்சிடுவேன். ஆனால் அதை எழுதியவரை அதன் பிறகு 'சார்' என்று அழைக்க மாட்டேன். அவர் வீட்டுத் துக்கத்துக்கும் போக மாட்டேன். செபாஸ்தியன் போனார்.